எட்டாவது கத்தியும் உடைந்த உலக்கையும்

நான் செய்த ஏழாவது கத்தியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மேஜை டிராயரில் துணி சுற்றிக் கிடக்கிறது. பகலில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். முதுகில் கொடி வேலைப்பாடு, பிடி தொடங்கும் இடத்தில் பித்தளைப் பூண், பூணின் மேல் உளியால் கொத்திய பூ. இரவில் மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து அலகைத் திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அலகைக் கூராக்க இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்க்கிறோம் அல்லவா, அந்தச் சரிவு தொடங்கும் கோடு இடது பக்கம் ஓரிடத்திலும் வலது பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியும் நிற்கிறது. அதை மறைக்கத்தான் பூணை வளைவாக வெட்டிப் பூப் போட்டேன். போட்ட பிறகு பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். கோயம்புத்தூர் டூல் ரூம்களில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதுகை ஒரு கண்ணால் நோட்டம் விட்டார். "பொண்ணுக்கு ஏதாவது குறைங்களா தம்பி? இத்தனை நகை போட்டிருக்கீங்க" என்றார். அன்று டிராயருக்குள் போன கத்திதான்.

எட்டாவது கத்தி அத்தைக்கு. கோபிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். "எனக்கொரு கத்தி செஞ்சு குடு கண்ணு. பாக்க லட்சணமா இருக்கோணும், காய் அரியவும் ஆகோணும்" என்று கேட்டதோடு, பரணில் கிடந்த ஒரு உலக்கையையும் இறக்கிக் கொடுத்தார். அவருடைய மாமியார் குத்திய உலக்கை. நடுவில் விரிசல் விட்டு இருபது வருடமாகச் சும்மா கிடக்கிறதாம். புளியமர வைரம். மேலே சாம்பல் பூத்துக் கிடந்ததை அரத்தால் நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளே கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ஊதா நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. இப்படி ஆறிக் காய்ந்த கட்டையை எந்த மரக்கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. வெட்டத்தான் மனம் வரவில்லை. ஒரு வாரம் பட்டறையில் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

(பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டு போர்டிகோதான். பைக்கை வெளியே நிறுத்தினால் பட்டறை, உள்ளே விட்டால் போர்டிகோ.)

அளவு முதலில் முடிவானது. அலகு 150 மி.மீ. நீளம், 42 மி.மீ. அகலம், முதுகு 3 மி.மீ. கத்தி செய்கிறேன் என்றால் உடனே "லைசென்ஸ் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நம் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் அந்தப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. என் கத்தி இரண்டு வகையிலும் தப்பித்தது.

இரும்பு விஷயத்தில் எனக்குப் பழைய வடு ஒன்று உண்டு. முதல் மூன்று கத்திகளை லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தேன். பழைய இரும்புக்கடையில் எடைக்குக் கிடைக்கும், நல்ல இரும்புதான். ஆனால் பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதோடு நான் செய்த முட்டாள்தனம், முதல் கத்தியைக் கடினமாக்க, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தது. 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், கண்ணாடி டம்ளரை நகத்தால் சுண்டினாற்போல. வெளியே எடுத்தால் வாய்ப்பக்கத்திலிருந்து முதுகுவரை கோடு. அதற்குப் பிறகு என்ன இரும்பு என்று தெரியாத எதிலும் அலங்கார வேலை செய்வதில்லை. இருபது மணி நேரம் அரம் போட்ட பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் ஆகாது.

இந்த முறை ஓ.எச்.என்.எஸ். என்கிற கருவி இரும்புப் பட்டை. அச்சும் டையும் செய்கிற பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. கார்பன் சுமார் 0.9 சதவீதம், மாங்கனீசு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் டங்ஸ்டன். எண்ணெயில் தோய்த்தாலே கடினமாகும், அதிகம் கோணாது. கார்பன் நிறைய இருப்பதால் கூர் நன்றாக நிற்கும், கவனிக்காமல் விட்டால் துருவும் பிடிக்கும்.

அட்டையில் வரைந்து வெட்டி, பட்டையில் ஒட்டி, ஆங்கிள் கிரைண்டரால் உருவம் வெட்டி, ஆணித் துளைகள் போடுவதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சரிவுக் கோட்டுக்குத்தான் இந்தத் தடவை ஒரு கருவியே செய்தேன். அதே இரும்பில் இரண்டு துண்டு, இரண்டு போல்ட். துண்டுகளை மட்டும் முதலில் கடினமாக்கிக்கொண்டு, அலகின் இரண்டு பக்கமும் அணைத்து முடுக்கிவிட்டால் அரம் அந்தத் துண்டில் முட்டி நின்றுவிடும், அதைத் தாண்டாது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்கும். இதை ஏன் முதல் கத்திக்கே செய்யவில்லை என்று கேட்டால், கைத்திறமை வந்தால் இதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் அண்ணன் சிரித்தார். டூல் ரூமில் இப்படியொரு ஜிக் இல்லாமல் வேலை செய்கிறவனை வெளியே அனுப்பிவிடுவார்களாம்.

அப்புறம் கொடி. இதை அலகு மெத்தென்று இருக்கும்போதே, அதாவது தோய்ச்சலுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பிறகு அரம் ஏறாது. முதுகில் நீல மை பூசி, 6 மி.மீ. இடைவெளியில் கோடு கிழித்தேன். முதல் கோட்டில் வட்ட அரத்தை இடது ஓரத்திலிருந்து சாய்த்து ஒரு அரைவட்டம். அடுத்த கோட்டில் வலது ஓரத்திலிருந்து. இப்படி மாற்றி மாற்றி வெட்டினால் நடுவில் மிஞ்சுகிற இரும்பு பாம்பு போல நெளிந்து ஓடும். அதுதான் தண்டு. ஒவ்வொரு வளைவின் தோளிலும் முக்கோண அரத்தால் ஒரு சின்ன வெட்டு வைத்தால் முள்ளோ தளிரோ பிரிந்து நிற்கிறாற்போல் தெரியும். கேட்க எளிது. ஆழம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வரவேண்டும், அதுதான் கஷ்டம். எண்ணி இழுத்தேன், ஒரு வளைவுக்கு முப்பது இழுப்பு. பன்னிரண்டாவது வளைவில் போன் அடித்தது. எண்ணிக்கை தப்பி நாற்பது போய்விட்டது. அந்த ஒரு வளைவுக்காக மற்ற எல்லாவற்றையும் நாற்பதுக்கு இறக்க வேண்டியதாயிற்று. போன் செய்தது அத்தைதான், கத்தி எப்போது வரும் என்று கேட்க.

இனி தோய்ச்சல். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழு கத்திகளுக்கும் நான் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

போன வருடம் ராமேஸ்வரம் போகும் வழியில் திருப்பாச்சேத்தியில் இறங்கினேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். ஒரு பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தேன். வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே நுழைந்தால் கண் இருட்டியது. கூரையைத் தாழ்வாக இறக்கி, பக்கமெல்லாம் தகரம் அடைத்திருந்தார்கள். இந்த உஷ்ணத்தில் ஒரு ஜன்னல் வைக்கக்கூடாதா என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டேன். உலைக்கு முன்னால் இருந்த பெரியவர் நிமிராமலே, "வெளிச்சத்துல இரும்போட நெறம் பொய் சொல்லும் தம்பி" என்றார். சொல்லிக்கொண்டே அரிவாளை எடுத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து வாங்கினார். முதுகு சிவப்பாகவே இருந்தது. வாய் கடினமாகும், முதுகு மெத்தென்றே நிற்கும், மரத்தில் போட்டாலும் உடையாது. தெர்மாமீட்டர் இல்லை, கடிகாரம் இல்லை, சூட்டுக்கு அளவே அந்த நிறம்தான்.

நான் போர்டிகோவில் பகல் பதினொரு மணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தவன். வெயிலில் மங்கலான சிவப்பு தெரியவே தெரியாது. தெரிகிற அளவுக்குச் சூடேற்றினால் இரும்பு எப்போதோ தேவையான சூட்டைத் தாண்டியிருக்கும். ஊர் திரும்பியதும் மீதமிருந்த பட்டையில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டினேன். ஒன்றைப் பகலில் என் வழக்கப்படி சூடேற்றித் தோய்த்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் உடைத்தேன். உடைந்த வாய் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல் மணல் மணலாக மின்னியது. சூடு மிஞ்சிய, சுலபமாக முறியும் இரும்பு அப்படித்தான் இருக்கும். இன்னொன்றை இரவு எட்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுச் செய்தேன். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், பட்டுத் துணி போல வழுவழுவென்று இருந்தது. இரண்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். முந்தைய கத்திகள் உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று முதல் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பு வரும். அவற்றில் நான்கு, கொடியும் பூணுமாக, நண்பர்கள் வீட்டில் இருக்கின்றன.

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்று கத்திக் கொல்லர்களுக்கு ஒரு அமைப்பு உண்டு, 1976இல் தொடங்கியது. அதில் முதல் பட்டம் வாங்க, செய்த கத்தியால் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டையை வெட்ட வேண்டும், அதன் பிறகும் அதே கூரால் கையில் ரோமம் மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள். முறியக்கூடாது. அழகு பார்க்கத் தனியாக ஐந்து கத்திகள் வைக்க வேண்டும், ஆனால் அது இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான். இதைப் படித்தபோது வளைப்பதெல்லாம் அநியாயமாகத் தோன்றியது. தீப்பெட்டிக்குப் பிறகு தோன்றவில்லை.

எட்டாவது கத்திக்கு அமாவாசைக்கு அடுத்த நாள் இரவாகப் பார்த்துக்கொண்டேன். அது சாஸ்திரம் இல்லை, தெரு விளக்கும் எரியாத நாள், அவ்வளவுதான். தீக்கல் அடுக்கிய சிறு கேஸ் உலை. அதற்குள் ஒரு இரும்புக் குழாய். அலகு தீயில் நேராகப் படாமல் குழாயின் வெப்பத்தில் வேகும். காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். ஆனால் இந்த இரும்புக்கு 790இலிருந்து 815 வரை வேண்டும். காந்தம் விட்ட பிறகு இன்னும் எவ்வளவு? இதற்குத்தான் உப்பு. சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில். முதுகில் ஒரு சிட்டிகை தூவி, அது உருகித் தண்ணீராகப் படர்ந்தால் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். தூள் உப்புதான் போட வேண்டும். கல்லுப்பு என்றால், திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டதுபோலப் படபடவென்று வெடித்து முகத்தில் தெறிக்கும். எனக்குத் தெறித்தது.

உப்பு படர்ந்த பின் சில நிமிடம் அதே நிறத்தில் பிடித்திருந்துவிட்டு, கடலை எண்ணெயில் இறக்கினேன். எண்ணெயையும் முன்கூட்டியே 55 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருந்தேன். ஆறிப்போன எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வேகமாகக் குளிர்விக்காது. தெரு முழுக்க வடை சுட்ட வாசனை. எடுத்துப் பார்த்தால் நுனி ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அலகு இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் அந்தச் சில நொடிகள்தான் வாய்ப்பு, முழுதாக விறைப்பதற்கு முன். கையுறையோடு இரண்டு அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கிவிட்டேன். ஆறியதும் நேராக வந்தது. அரத்தை வாய்ப்பக்கத்தில் வைத்து இழுத்தால் கண்ணாடியில் இழுப்பதுபோல் வழுக்கியது. அந்தச் சத்தம் எனக்குப் போதும்.

இந்த நிலையில் விட்டால் கீழே விழுந்தாலே உடைந்துவிடும். அந்த விறைப்பைக் கொஞ்சம் தணிக்க அன்றிரவே கேக் சுடும் அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வைக்கோல் மஞ்சளில் வந்தது. அவனுக்கு உள்ளேயே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். என் அவனின் திருகு 200 என்று காட்டும்போது உள்ளே 225.

அதற்குப் பிறகு ஆறு சாயங்காலம் உப்புத்தாள். சொரசொரப்பான 120ஆம் எண் தாளில் தொடங்கி 220, 400, 600, நைசான 800. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்ற வேண்டும், அப்போதுதான் முந்தைய கீறல் முழுக்கப் போனதா என்று தெரியும். 600இல் இருக்கும்போது ஒரே ஒரு 120 கீறல் பூணுக்குப் பக்கத்தில் தட்டுப்பட்டது. பழைய நான் என்றால் அது பூணுக்கு அடியில் போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். திரும்ப 120க்குப் போனேன். ஒரு சாயங்காலம் போயிற்று.

பூண் என்று சொல்கிறேனே, இது உலக்கைப் பூண் மாதிரி வளையம் இல்லை. அலகின் இரண்டு பக்கமும் வைத்து ஆணி அடிக்கும் இரண்டு பித்தளைத் துண்டுகள். இதில் எனக்கு இரண்டு பாடம். ஒன்று, பூணின் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே மெருகேற்றி முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு தேய்த்தால் ஆறு நாள் தேய்த்த அலகில் கீறல் விழும். இரண்டாவது, ஆணி. நன்றாக அடித்துப் பரப்பித் தேய்த்தால் ஆணி இருப்பதே தெரியக்கூடாது. ஏழாவது கத்தியில் மூன்று ஆணியும் வட்ட வட்டமாகத் தெரிந்தன. துளை பெரிதாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். உண்மையில் கடையில் வாங்கிய பித்தளைக் கம்பியும் பித்தளைத் தகடும் ஒரே கலவை இல்லை. நிறமே ஒரு பொட்டு வேறு. இந்த முறை பூண் வெட்டிய அதே துண்டிலிருந்து குச்சிகள் அறுத்து, ட்ரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அரத்தைப் பிடித்து உருட்டி எடுத்தேன். துளையின் வாயை இரண்டு பக்கமும் லேசாக விரித்து, ஆணியை அடித்து நிரப்பித் தேய்த்தேன். காணோம். விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், அப்போதும் காணோம். பூணின் மேல் பூப் போட உளியைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன்.

உலக்கையை ஒரு வழியாக அறுத்தேன். விரிசல் இல்லாத நுனிப் பக்கத்திலிருந்து இரண்டு பட்டைகள். வாள் ஏறவே மாட்டேன் என்றது, புகை வந்தது. பிடிக்குள் வரும் இரும்பைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட். கிளாம்பை உயிர்போக முடுக்காதீர்கள், பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் நான்கு பூச்சு, மேலே தேன்மெழுகு. மெருகுச் சக்கரத்தில் பூணைக் காட்டும்போது அது நுனியைக் கவ்வி, கத்தியைச் சுவரில் அடித்தது. காலில் அடிக்காதது அத்தை செய்த புண்ணியம். நுனி அரை மில்லிமீட்டர் குறைந்தது. இப்போதெல்லாம் சக்கரத்துக்குக் கத்தியை எடுத்துப் போவதே இல்லை, துணியும் பாலிஷும் கையும்தான்.

ஃபோர்மேன் அண்ணன் முதுகை நோட்டம் விட்டார், திருப்பினார், மறுபடி நோட்டம் விட்டார். "பரவால்லைங்க" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அத்தையிடம் நீட்டியபோது, "கையில குடுக்காத, கீழ வை, எடுத்துக்கறேன்" என்றார். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். வைத்தேன். எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மாமியார் படம் இருந்த சுவரைப் பார்த்தார். அப்புறம் நேரே சமையலறைக்குப் போய் வாழைப்பூவை எடுத்தார்.

எனக்கு உள்ளே பதறியது. அரிவாள்மனை கறுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாழைப்பூத் துவர்ப்பு பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று. பத்து நிமிடத்தில் 800 உப்புத்தாளின் பளபளப்பு போய், அலகில் நீலமும் கறுப்பும் மேகம் போலப் படர்ந்தன. உண்மையைச் சொன்னால், நான் கொடுத்ததைவிட அந்த நிறம் நன்றாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனேன். பூண் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்க்கிறாராம். பித்தளைக்குப் புளி சரி, அலகோ சாம்பல் பூத்திருந்தது. அது பரவாயில்லை. கத்தியைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். நான் எண்ணி எண்ணி இழுத்த வளைவுகளில் எல்லாம் புளிச் சக்கையும் கீரைத் துணுக்கும் அடைந்து கிடந்தன. "அந்தச் சந்துக்கு மட்டும் பழைய பல் தேய்க்கிற பிரஷ் வெச்சிருக்கேன் கண்ணு" என்றார். ஆட்காட்டி விரலைக் காட்டினார். அழுத்தி நறுக்கும்போது முதுகில் விரல் பதியும் இடம், முள் வைத்த அதே இடம், சிவந்து காய்த்திருந்தது.

கத்தியை வாங்கி வந்து, விரல் படும் ஐந்து வளைவுகளின் முள்ளை மட்டும் உப்புத்தாள் சுற்றிய குச்சியால் மழுங்கடித்துக் கொடுத்தேன். ஒன்பதாவதற்கு அட்டை வரைந்தாயிற்று. அதில் கொடி பிடியின் முதுகோடு நின்றுவிடுகிறது, அலகுக்கு வராது. உலக்கையில் இன்னும் நான்கு பிடிக்கு மரம் மிச்சம் இருக்கிறது.